‘வெரி’ போடாதே

சிவப்புப் பேனாவால் ஒரு கோடு அடிக்க ஒரு நொடி போதும். போன வருஷம் ஜூலையில், கச்சான் காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்படி ஒரு கோடு அடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் ஆங்கிலக் கட்டுரை நோட்டு அது. ‘தி சீ வாஸ் வெரி ரஃப்’ என்று எழுதியிருந்தாள். ‘வெரி ரஃப்’பை அடித்துவிட்டு மேலே ‘டர்புலன்ட்’ என்று எழுதினேன். ஓரத்தில் என் வழக்கமான குறிப்பு: ‘வெரி போடாதே.’ அந்தக் கோடு இன்னும் என்னை விடவில்லை. எழுதி முடித்தாலாவது விடுகிறதா பார்க்கலாம்.

டியூஷன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சென்னை வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் வந்து உட்காருவார்கள். ஆங்கிலம் மட்டும்தான். காசு வாங்குவதில்லை. மாதக் கடைசியில் யார் வீட்டிலிருந்தாவது ஒரு பை சூடை மீன் வரும், அதை வேண்டாம் என்று சொல்கிற பெருந்தன்மை எனக்கு இல்லை. பிள்ளைகள் என்னை மிஸ் என்பார்கள். அக்கா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன், மாறவில்லை.

‘வெரி’ மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, கரஸில் ஒரு டிகிரியும் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புகிற வேலை. சேர்ந்த இரண்டாவது மாதம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ‘வெரி வெரி சாரி’ என்று ஒருவருக்கு அனுப்பிவிட்டேன். மேலாளர் அதை மீட்டிங்கில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். விழுந்து விழுந்து சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லாரும் லேசாகச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கண்டாலே காது மடல் சூடாகிவிடும். ‘உங்கள் ஆங்கிலத்தை உயர்த்தும் நூறு சொற்கள்’ வகைப் பட்டியல்கள் எங்கே கிடைத்தாலும் சேமித்தேன். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை என்று கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு ‘ஐ ஆம் ராவனஸ்’ என்று நான் சொன்னபோது பக்கத்தில் நின்றவள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பட்டியலைத்தான் திண்ணைக்கும் கொண்டுவந்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வாட்ஸப்பில் மாதம் ஒரு முறையாவது சுற்றி வரும். ‘வெரி டயர்ட்’ வேண்டாம், ‘எக்ஸாஸ்டட்’. ‘வெரி ஹங்கிரி’ வேண்டாம், ‘ஸ்டார்விங்’. ‘வெரி ஆங்கிரி’ வேண்டாம், ‘ஃபியூரியஸ்’. பிள்ளைகள் சமர்த்தாக மனப்பாடம் செய்தார்கள். பிறகு எழுதச் சொன்னால் ஒவ்வொரு வீட்டிலும் அம்மா ஃபியூரியஸ், அப்பா எக்ஸாஸ்டட், எழுதுகிற பிள்ளை ஸ்டார்விங். ‘ஸ்டார்வ்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சாவது என்றுதான் பொருள். ‘பசியில செத்துட்டேன்’ என்று நாம் சொல்வதற்கு ரொம்பத் தூரமில்லை, அதனால் அதை விட்டுவிடலாம். ஆனால் சோற்றில் உப்புக் கூடிப்போனதற்கு ஒரு தாய் ஃபியூரியஸ் ஆனாள் என்று வாசித்தபோது, பட்டியலில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கே பட்டது. பட்டதே தவிர நிறுத்தவில்லை.

அது எத்தன மீட்டரு?

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்கிற பெண்ணில்லை, வந்தால் வாசலோரமாக உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விடுவாள்.

“மிஸ், இது தப்பா?”

“தப்பில்ல. வெரி போட்டா எழுத்து வீக்காயிரும். அதுக்குத்தான் வேற வார்த்தை.”

“இல்ல மிஸ். ரஃப் வேற, வெரி ரஃப் வேற.”

“எப்படி வேற?”

“ரஃப்னு வந்துச்சுன்னா அப்பா வாசல்ல நின்னு கடலப் பாத்துக்கிட்டே இருப்பாக. வெரி ரஃப்னு வந்துச்சுன்னா நாலு பேரக் கூப்புட்டு வல்லத்த மேல ஏத்திருவாக.”

எங்கே வரும் என்று கேட்டேன். போனில், மீனவர் வாட்ஸப் குழுவில் வருகிற வானிலை எச்சரிக்கையில். தமிழிலும் வரும், ஆனால் அவர்கள் குழுவில் முதலில் வந்து விழுவது இங்கிலீஷ் பக்கத்தின் படம்தானாம். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து இவள்தான் வாசித்துச் சொல்கிறாள். மன்னார் வளைகுடா என்று எங்கே போட்டிருக்கிறது, காற்று எத்தனை கிலோமீட்டர், கடல் எப்படி இருக்கும், மூன்றையும் விரல் வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, நான் எழுதியிருந்த சொல்லைத் தொட்டுக் காட்டினாள்.

“டர்புலன்ட்னு இதுவரைக்கும் வந்ததே இல்ல மிஸ். அது எத்தன மீட்டரு?”

என்னிடம் பதில் இல்லை. ‘நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்’ என்று வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதைச் சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி தேடினேன். உலக வானிலை அமைப்பின் கடல்நிலை அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, 0 முதல் 9 வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அலை உயரம். ‘ஸ்லைட்’ என்றால் அரை மீட்டரிலிருந்து 1.25 மீட்டர். ‘மாடரேட்’ 2.5 மீட்டர் வரை. ‘ரஃப்’ 2.5 முதல் 4 மீட்டர். ‘வெரி ரஃப்’ 4 முதல் 6 மீட்டர். அதற்கு மேல் ‘ஹை’ 9 மீட்டர் வரை, ‘வெரி ஹை’ 14 மீட்டர் வரை, அதையும் தாண்டினால் ‘ஃபினாமினல்’. அவ்வளவுதான். ‘டர்புலன்ட்’ எந்தப் படியிலும் இல்லை. எந்த வார்த்தையைச் சோம்பேறி வார்த்தை என்று பத்து வருஷமாக அடித்துக்கொண்டிருந்தேனோ, அது இந்த அட்டவணையில் இரண்டு மீட்டர் அலையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு வீட்டில் வல்லம் மேலே ஏறாது.

தேடினால் ஒன்று இன்னொன்றுக்குக் கொண்டுபோய் விடும் அல்லவா? 1805-ல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி காற்றை 0 முதல் 12 வரை வகைப்படுத்தினார். அவர் ஆரம்பத்தில் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. இந்தக் காற்றுக்குக் கப்பல் எத்தனை பாய் விரிக்கலாம், எந்தக் காற்றில் எதைச் சுருட்ட வேண்டும் என்பதுதான் அளவு. 12 என்றால் எந்தப் பாயும் தாங்காது. கரையில் இருப்பவர்களுக்கான விளக்கம் பின்னால் சேர்ந்தது. புகை நேராக மேலே போனால் காற்றில்லை. இலை சலசலத்தால் இரண்டு. குடை பிடிக்கக் கஷ்டப்பட்டால் ஆறு. வாசித்தபோது எனக்கு ஆங்கிலம் வாசிக்கிற உணர்வே வரவில்லை. எங்கள் தெருமுனைப் பெரியவர் ஒருவர் பேசுகிற மாதிரி இருந்தது. அவர் காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கச்சான் எடுத்திருச்சு என்பார், வாடை விழுந்திருச்சு என்பார். கொண்டல், சோழகம் என்று அவரிடம் திசைக்கு ஒரு பெயர் உண்டு. தெற்கே இருப்பது ஆண் கடல், வடக்கே இருப்பது பெண் கடல். கச்சான் காலத்தில் ஆண் கடல் கொந்தளிக்கும்போது பெண் கடல் குளம் போலக் கிடக்கும். வாடை வந்தால் கதை தலைகீழ். இவ்வளவு சொல் புழங்குகிற தெருவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குத்தான் நான் ‘எக்ஸாஸ்டட்’ விற்றுக்கொண்டிருந்தேன்.

ரொம்பவும் வெரியும்

மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பத்து வருஷப் பழக்கம். ‘வெரி’ எல்லா இடத்திலும் நல்லது என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ‘வெரி வெரி பியூட்டிஃபுல் டெம்பிள்’ என்று எழுதினால் இன்றைக்கும் கை பேனாவைத் தேடும். ஆனால் ‘அதுக்குப் பதில் எது?’ என்ற இடத்தில்தான் நான் தடம் மாறியிருக்கிறேன் என்று தோன்றியது.

தமிழில் நாம் என்ன செய்கிறோம்? பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு ‘சால, உறு, தவ, நனி, கூர், கழி’ மறந்திருக்காது. மிகுதியைக் காட்ட ஆறு உரிச்சொற்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வீட்டுப் பேச்சில் அந்த ஆறின் வேலையையும் ‘ரொம்ப’ ஒன்றே செய்கிறது. அதுவும் ‘நிரம்ப’ என்பது தேய்ந்து வந்ததுதான். ‘வெரி’யின் பூர்வீகமும் இப்படித்தான். பழைய பிரெஞ்சு மொழியில் ‘உண்மையான’ என்ற பொருளில் இருந்த சொல், ஆங்கிலத்துக்குள் வந்து தேய்ந்து ‘ரொம்ப’ ஆகிவிட்டது. சென்னையில் ‘மெய்யாலுமே’ என்பார்களே, ஏறக்குறைய அதே வழி.

ஆனால் நமக்கு உண்மையிலேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும்போது ‘ரொம்ப’ போடுவதில்லை. கன்னங்கரேல் என்கிறோம். செக்கச்செவேல், வெள்ளைவெளேர், பச்சைப்பசேல். இருட்டு என்றால் கும்மிருட்டு, புதிது என்றால் புத்தம்புதிது, சூடு என்றால் சுடச்சுட. ஒவ்வொரு சொல்லும் தன் ‘ரொம்ப’வைத் தன் இடுப்பிலேயே முடிந்து வைத்திருக்கிறது, ஒன்றினுடையது இன்னொன்றுக்குச் செல்லாது. கன்னஞ்செவேல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, ஆங்கிலத்திலும் இப்படி இருக்குமே என்று யோசித்தபோது வரிசையாக வந்தன. பிட்ச் டார்க். பிராண்ட் நியூ. பைப்பிங் ஹாட். சோக்கிங் வெட். ஸ்டோன் கோல்ட். போன் ட்ரை. இவை எதுவும் நான் சேமித்த நூறு சொற்களில் இல்லை. எல்லாமே வீட்டில் புழங்குகிற சொற்கள், எதற்கும் லத்தீன் வாசனை கிடையாது.

பிள்ளைகளிடம் கும்மிருட்டுக்கு ‘பிட்ச் டார்க்’ என்று சொன்னேன். பிட்ச் என்றால் என்ன என்று கேட்டார்கள், கிரிக்கெட் பிட்ச்சா என்றான் ஒருவன். பலகை இடுக்கில் தண்ணீர் இறங்காமல் மரக்கலங்களுக்குப் பூசுகிற கீல்தான் அந்த பிட்ச், அந்தக் கறுப்புத்தான் இருட்டுக்குப் போயிருக்கிறது என்று விளக்கினேன். “எங்க தாத்தா வத்தைக்குப் பூசுவாக மிஸ், கையில பட்டா போகாது” என்றான் அதே பையன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ‘பிராண்ட் நியூ’வில் இருக்கும் ‘பிராண்ட்’ பழைய ஆங்கிலத்தில் நெருப்பு. உலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்று பொருள். தடைக்காலத்தில் பட்டறையில் வேலைக்குப் போகிற அண்ணன்மார் இருக்கிற வீடுகளில் அதற்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

முறுக்குக்கு வார்த்தை இல்லை

இப்போது முறை மாறிவிட்டது. நான் சொல் கொண்டுபோவதில்லை, அவர்கள் கொண்டுவருகிறார்கள். வீட்டிலோ கடலிலோ அன்றைக்கு வாயில் வந்த ஒரு தமிழ்ச் சொல், அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று எல்லாரும் சேர்ந்து தேடுவோம். சில நாள் ஒரு மணி நேரமும் ஒரே சொல்லில் போய்விடும். இதனால் பரீட்சைக்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி, எனக்குத் தெரியவில்லை என்றேன்.

காற்றில் உப்பேறி உடம்பெல்லாம் பிசுபிசு என்று இருப்பதற்கு ‘ஸ்டிக்கி’ சுலபமாகக் கிடைத்தது, பிறகு ‘க்ளாமி’ கிடைத்தது. குளிர்ந்து, ஈரமாய், தொட்டால் ஒட்டுகிற மாதிரி. அதைச் சொல்லிப் பார்த்ததுமே ஒரு பெண் முகத்தைச் சுளித்தாள். பாசி எடுக்கப் போகிற அம்மாக்களுக்கு மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறி விரல் மரத்துப் போகும், அந்த மரத்துப்போவதற்கு ‘நம்ப்’. காலையில் கடல் மின்னுவதைத் தேடப்போன அன்றைக்கு ஒரு கூட்டமே வந்து விழுந்தது. க்ளிட்டர், க்ளிம்மர், க்ளீம், க்ளோ, க்ளின்ட். எல்லாமே ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றனவே என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். மூக்குச் சம்பந்தப்பட்டவை ‘ஸ்ன்’னில் ஆரம்பிக்கும். ஸ்னோர், ஸ்னிஃப், ஸ்னீஸ். இப்படிப் பொருளின் சாயலைச் சுமக்கிற ஒலிக் கொத்துக்கு ஜே.ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1930-ல் ஒரு பெயரே வைத்திருக்கிறார். அந்தப் பெயர் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். சலசல, மினுமினு, கடகட என்று பேசுகிறவர்களுக்கு ஓசையில் பொருள் இருக்கும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டுமா என்ன?

தோற்றதும் உண்டு. கடற்கரை வீட்டில் முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தால் அரை நாளில் நமுத்துப்போகும். ‘சாகி’ என்றேன். அது தண்ணீரில் நனைந்து கொழகொழத்தது, நமுத்ததில் தண்ணீர் எங்கே இருக்கிறது? ‘ஸ்டேல்’ என்றால் பழசு, இது காலையில் சுட்ட முறுக்கு. கடைசியில் ‘இட் ஹாஸ் கான் சாஃப்ட்’ என்று மூன்று நான்கு சொல்லில் சமாளித்தோம். ‘ஃபிஷ்ஷி’ என்றால் சந்தேகத்துக்குரியது என்று சொன்னபோது திண்ணையில் கலவரமே வந்தது. “நல்ல மீன் நாறாது மிஸ். நாறுனாத்தான் சந்தேகம்” என்றான் வத்தைக்காரர் பேரன். அந்தச் சொல் அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

வெரி ரஃப் பெண்ணுக்கு இதிலெல்லாம் என் உதவி அதிகம் தேவைப்படவில்லை. எச்சரிக்கைப் பக்கம் வாசித்து வாசித்தே ‘கஸ்ட்’, ‘ஸ்குவாலி’, ‘ஸ்வெல்’, ‘வென்ச்சர்’ எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருந்தன. மீனவர்கள் கடலுக்குள் ‘வென்ச்சர்’ செய்ய வேண்டாம் என்று அந்தப் பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். கால் ஒடிந்து கட்டுப்போட்டிருந்த அவள் அப்பத்தாவைப் பற்றி எழுதச் சொன்னபோது, ‘மை கிராண்ட்மதர் இஸ் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தி கிச்சன்’ என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு முயன்றாலும் எழுதியிருக்க முடியாது.

இந்த மே மாதம் அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கை. ஆங்கில வரிகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்திலேயே, ‘கள்ளக்கடல்’ என்று இருந்தது. காற்றே இல்லாத நல்ல வெயில் நாளில், எங்கோ தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் புயல் கிளப்பிவிட்ட அலை நாள் கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரையேறும். கள்ளன் மாதிரி வருவதால் கேரளக் கரையில் மீனவர்கள் வைத்த பெயர், நம் காதுக்கும் அப்படியே புரிகிற பெயர். யுனெஸ்கோ 2012-ல் இந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. “இது நம்ம வார்த்தையில்ல மிஸ்?” என்று நாலு தடவை கேட்டாள். ‘ஸ்வெல் சர்ஜ்’ என்று பக்கத்திலேயே ஒரு விளக்கமும் இருந்தது, அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் காலாண்டுப் பரீட்சை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கடல் கரையேறிய நாளைப் பற்றி எழுதியிருக்கிறாள், நடுவில் கள்ளக்கடலையும் போட்டிருக்கிறாள். திருத்தியவர்கள் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, கேள்விக்குறி வைத்து, ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் காது மடல் சூடானது. திட்டலாம் என்று வாயெடுத்தேன், திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று அடக்கிக்கொண்டேன்.

“நான் எழுதுனது சரியா தப்பா மிஸ்?”

“சரிதான்.”

“அப்ப மார்க்கு?”

“அது போனது போனதுதான்.”

பேப்பரை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்தாள். “வெரி பேட், மிஸ்” என்றாள், நான் திருத்துகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.